திரும்பக் கேட்க முடியாதவருக்கு எழுதுவது: ராணுவத்தில் எழுத்துவேலை

ராணுவத்தில் சேருகிறவர்கள் யாரும் எழுதுவதற்காகச் சேர்வதில்லை. சென்னை பரங்கிமலையில் பயிற்சி முடித்து யூனிட்டுக்குப் போகிற லெப்டினன்ட்டுக்குச் சில மாதங்களிலேயே ஏதாவது ஒரு கோர்ட் ஆஃப் இன்க்வயரி என்ற விசாரணைக் குழுவில் உறுப்பினராக உட்கார உத்தரவு வந்துவிடும். மெஸ் கணக்கு, ஸ்டோர் சரிபார்ப்பு, லீவ் தகராறு, வண்டி விபத்து என்று எல்லாமே காகிதமாக அவர் மேஜைக்கு வரும், காகிதமாகவே அங்கிருந்து போக வேண்டும். கிளார்க் டிரேடில் சேர்ந்த சிப்பாய்க்கோ முதல் நாளிலிருந்தே அதுதான் வேலை. 1905-ல் தேவ்லாலியில் தொடங்கி, 1907-ல் குவெட்டாவுக்குப் போய், பிரிவினைக்குப் பிறகு நீலகிரிக்கு வந்த வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் முப்படை அதிகாரிகளும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் படிக்கிறார்கள். ஸ்டாஃப் டியூட்டீஸ் (தலைமையக எழுத்துவேலை) என்ற பெயரில் அங்கேயும் எழுத்து விடுவதில்லை.

மார்ஜின், பத்தி எண், கையெழுத்து எங்கே என்பதெல்லாம் மாதிரியைப் பார்த்து ஒரு வாரத்தில் பழகிவிடும். பழக நாளாவது வேறொன்று. ராணுவக் காகிதத்தைப் படிக்கிறவர் பெரும்பாலும் உங்களைத் திரும்பக் கேட்க முடியாத இடத்தில் இருப்பார். ரேடியோ மௌனத்தில் நகர்கிற கம்பெனி கமாண்டர், ஆறு மாதம் கழித்து ஃபைலைப் புரட்டுகிற ஆடிட்டர், பத்து வருஷம் கழித்துத் தீர்ப்பாயத்தில் உட்காருகிற நீதிபதி, ஒரு விதவையின் பென்ஷனுக்காக, பணிப்பதிவுகளை வைத்திருக்கிற ரெகார்ட் ஆபீசில் பழைய தாளைத் தேடுகிற கிளார்க். இவர்கள் கையில் அந்தத் தாள் மட்டும்தான் இருக்கும். அவர்களுக்கு அது போதுமா என்பதை வைத்தே நான் ஒரு டிராஃப்ட்டை எடைபோடுவேன்.

பாலக்ளாவாவில் ஒரு பென்சில் குறிப்பு

1854 அக்டோபர் 25, கிரிமியா. பிரிட்டனும் பிரான்சும் துருக்கியும் ஒரு பக்கம், ரஷ்யா எதிர்ப்பக்கம். பிரிட்டிஷ் தளபதி ராக்லன் சபூன் மேட்டின் மேலே நிற்கிறார். எதிரே காஸ்வே மேடு. அதன் காப்பரண்களில் துருக்கியரிடமிருந்து பிடித்த பிரிட்டிஷ் பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துப் போகப்போவதாக அவருக்குத் தெரிகிறது. அதைத் தடுக்கச் சொல்லி அவருடைய ஸ்டாஃப் அதிகாரி ஜெனரல் ஏரி பென்சிலால் ஒரு சீட்டு எழுதுகிறார். அதில் இருந்தது இவ்வளவுதான்: குதிரைப்படை வேகமாக முன்னே செல்ல வேண்டும், எதிரியைத் தொடர்ந்துபோய் அவன் பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்க முயல வேண்டும் என்று லார்ட் ராக்லன் விரும்புகிறார், குதிரைப் பீரங்கிப் பிரிவு உடன் போகலாம், பிரெஞ்சுக் குதிரைப்படை உங்கள் இடப்பக்கம் இருக்கிறது, உடனடி.

சீட்டு கேப்டன் நோலன் கையில் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. குதிரைப்படை டிவிஷனின் தலைவர் லூக்கன் அதைப் படிக்கிறார். அவர் நிற்கிற இடத்திலிருந்து காஸ்வே மேட்டின் மேலே நடப்பது தெரியாது. அவருக்குத் தெரிந்த பீரங்கிகள் வடக்குப் பள்ளத்தாக்கின் கடைசியில் வரிசையாக நின்ற ரஷ்ய பேட்டரி, அதாவது பீரங்கி அணி, மட்டும்தான். எந்தப் பீரங்கி என்று கேட்டதற்கு நோலன் அந்தப் பக்கமாகவே கையை வீசினார் என்பது பதிவு. லூக்கனின் கீழிருந்த லைட் பிரிகேட் என்ற குதிரைப்படைப் பிரிவில் சுமார் 670 பேர் நேராக அந்த பேட்டரியை நோக்கிக் குதிரையை விட்டார்கள். சுமார் 110 பேர் செத்தார்கள். முதலில் விழுந்தவர்களில் நோலனும் ஒருவர். அவர் என்ன சொல்ல நினைத்தார் என்று பிறகு யாராலும் விசாரிக்க முடியவில்லை.

இந்தச் சீட்டைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்ப்பதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ‘முன்னே’ என்பது எழுதியவருக்கு ஒரு திசை, படித்தவருக்கு வேறு திசை. ‘பீரங்கிகள்’ என்றால் யாருடையவை, எங்கே இருப்பவை? மேட்டின் பெயரே இல்லை. இதற்கு முந்தைய உத்தரவில் மேடுகளை மீட்க வாய்ப்புக் கிடைத்தால் பயன்படுத்திக்கொள்ளும்படி குதிரைப்படைக்குச் சொல்லியிருந்தார்கள். ராக்லன் மனதில் இது அதன் தொடர்ச்சி. அப்படி என்று சீட்டில் ஒரு சொல்லும் கிடையாது, ஆகவே லூக்கன் இரண்டையும் சேர்த்துப் படிக்கவில்லை. ‘முயல வேண்டும்’, ‘விரும்புகிறார்’ என்ற இரண்டும் உத்தரவையே மங்க வைக்கின்றன. ‘உடனடி’ என்ற ஒரு சொல்தான் துல்லியம். நின்று யோசிக்க இருந்த நேரத்தையும் அது பறித்துக்கொண்டது.

அதே அவசரத்தில் இப்படி எழுதியிருக்கலாம்: ‘என் முந்தைய உத்தரவின் தொடர்ச்சி. காஸ்வே மேட்டின் காப்பரண்களில் இருந்த நம் பீரங்கிகளை எதிரி இழுத்துச் செல்கிறான். குதிரைப்படை உடனே அந்த மேட்டின் மேல் முன்னேறி அதைத் தடுக்கும். பிரெஞ்சுக் குதிரைப்படை உங்களுக்கு இடப்பக்கம்.’ நீளம் ஏறக்குறைய அதேதான். எழுதுகிறவர் மேட்டிலிருந்து இறங்கி, படிக்கிறவர் நிற்கிற இடத்தில் ஒரு நிமிஷம் நின்றிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆபரேஷன் ஆர்டர்

இதுபோன்ற விபத்துகளிலிருந்து பாடம் படித்துத்தான் சண்டை நடவடிக்கைக்கான உத்தரவான ஆபரேஷன் ஆர்டருக்குப் பல நாட்டு ராணுவங்களிலும் ஏறக்குறைய ஒரே வடிவம் அமைந்தது. நிலைமை, பணி, செயல்படுத்தும் முறை, நிர்வாகமும் சப்ளையும், கமாண்டும் தகவல் தொடர்பும் என்று ஐந்து தலைப்புகள், எப்போதும் இதே வரிசையில். இருட்டில், மழையில், டார்ச்சைக் கையால் மூடிக்கொண்டு படிக்கிறவருக்குத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பது நான்காவதில் இருக்கும் என்று தேடாமலே தெரிய வேண்டும். அதனால் ஒரு தலைப்பில் சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் தலைப்பை எடுத்துவிடக் கூடாது. தலைப்பைப் போட்டு ‘மாற்றமில்லை’ என்று எழுத வேண்டும். எடுத்துவிட்டால் மறந்துபோனதா, மாற்றமில்லையா என்று படிக்கிறவர் ஊகிக்க நேரும்.

நிலைமைப் பத்தியில் முதலில் எதிரி, பிறகு நம் படைகள், பிறகு நம்மோடு சேர்ந்தவர்களும் நம்மிடமிருந்து பிரிந்தவர்களும். புதிதாக எழுதுகிறவர்கள் எதிரியைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் இங்கே கொட்டிவிடுகிறார்கள். படிக்கிற சப்-யூனிட்டின் (கம்பெனி போன்ற உட்பிரிவின்) வேலையைப் பாதிக்கிற எதிரி மட்டும் போதும். மீதி இன்டெலிஜென்ஸ் இணைப்புக்குப் போகட்டும்.

பணி என்பது ஒரே வாக்கியம். யார், என்ன, எங்கே, எப்போது, எதற்காக என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். வாய்மொழியாக ஆர்டர் கொடுக்கும்போது இந்த வாக்கியத்தை மட்டும் இரண்டு முறை சொல்வது வழக்கம். ‘எதற்காக’ என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். திட்டம் கலைந்தபிறகு சப்-யூனிட் கமாண்டருக்குக் கைகொடுப்பது அந்த ஒரு பகுதிதான். ‘பாலத்தைப் பிடி’ என்று மட்டும் எழுதியிருந்து, எதிரி பாலத்தைத் தகர்த்துவிட்டால் அவர் என்ன செய்வார்? ‘பிரிகேடின் டாங்குகள் ஆற்றைக் கடப்பதற்காகப் பாலத்தைப் பிடி’ என்றால், பாலம் போனாலும் கடக்கத்தக்க வேறு துறையைத் தேட அவருக்குத் தெரியும்.

பெரிய பணியையும் சிறிதாக எழுத முடியும். இரண்டாம் உலகப் போரில், ஐரோப்பாவுக்கான நேசப் படைத் தளபதி ஐசனோவருக்கு 1944 பிப்ரவரி 12 தேதியிட்டு வந்த கட்டளையின் மையம் ஒரு வாக்கியம்: ஐரோப்பியக் கண்டத்தில் நுழைந்து, மற்ற நேச நாடுகளோடு சேர்ந்து, ஜெர்மனியின் இதயத்தை நோக்கியும் அதன் ஆயுதப் படைகளை அழிக்கவும் நடவடிக்கை எடுக்க வேண்டும். நுழைய வேண்டிய மாதம் மே என்று அடுத்த வாக்கியம். லட்சக்கணக்கானவர்களின் வேலை அதிலிருந்து கிளை பிரிந்தது.

செயல்படுத்தும் முறையில் ஒவ்வொரு சப்-யூனிட்டுக்கும் தனிப் பத்தி, வினைச்சொல் உறுதியாக. ‘ஆல்ஃபா கம்பெனி பிடிக்கும்’ என்று எழுதுங்கள். ‘பிடிக்க முயலலாம்’, ‘முடிந்தால் பிடிக்கவும்’ என்பவை படிக்கிறவர் தலையில் முடிவைக் கட்டுகின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை 1 மாலை, கெட்டிஸ்பர்க்கில் செமட்ரி ஹில் என்ற மேட்டைச் சாத்தியப்பட்டால் பிடிக்கும்படி தென்தரப்புத் தளபதி லீ தன் கீழிருந்த ஜெனரல் யூவெலுக்குச் சொல்லி அனுப்பினார். கூடவே, மற்ற டிவிஷன்கள் வந்து சேரும்வரை பெரிய சண்டையில் இறங்க வேண்டாம் என்றும் சொன்னார். யூவெல் தாக்கவில்லை. அவர் செய்தது சரியா தவறா என்று இன்றும் வாதாடுகிறார்கள். அந்த உத்தரவு இரண்டு பக்கத்துக்கும் இடம் கொடுக்கிறது என்பதே என் குறை. படிக்கிறவரின் முடிவுக்கு விட வேண்டுமென்றால் அதை வெளிப்படையாக விட வேண்டும்: ‘எதிரி ஒரு பட்டாலியனுக்குக் குறைவாக இருந்தால் தாக்குவீர்கள். அதிகமாக இருந்தால் நின்று தகவல் அனுப்புவீர்கள்.’

நேரமும் இடமும்

தவறு அதிகம் நடப்பது இங்கேதான். பெரும்பாலும் சின்னச் சின்னப் பழக்கங்களால்.

நாள் இரண்டு இலக்கம், நேரம் நான்கு இலக்கம், நேர மண்டல எழுத்து, மாதம், வருஷம் என்று எல்லாம் சேர்ந்தது தேதி-நேரக் குறியீடு. இசட் என்ற எழுத்து கிரீன்விச் நேரத்தைக் குறிக்கும். 16-ஆம் தேதி 1900 இசட் என்றால் இந்திய நேரப்படி 17-ஆம் தேதி 0030. ஐந்தரை மணி நேரத்தைச் சரியாகக் கூட்டிவிட்டுத் தேதியை மாற்ற மறப்பது கூட்டுப் பயிற்சிகளில் எளிதாக நேர்கிற தவறு. எந்த நேர மண்டலம் என்பதை ஆர்டரின் தலைப்பகுதியிலேயே ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு கடைசிவரை மாற்றாமல் இருப்பதே பாதுகாப்பு.

நள்ளிரவை 0000 என்றோ 2400 என்றோ எழுதாதீர்கள். எந்த நாளின் நள்ளிரவு என்ற குழப்பம் தீராது. 2359 அல்லது 0001 என்று எழுதினால் கேள்வியே எழாது. ‘0600-க்குள்’ என்பதைவிட ‘0600-க்குப் பிந்தாமல்’ மேல். பீரங்கிக் குண்டு விழும் நேரத்தோடு தொடர்புள்ள நகர்வானால் ‘0610-க்கு முந்தாமல்’ என்பதும் கட்டாயம் வேண்டும். முன்னதாகப் போய்ச் சேருவது நல்ல பேர் வாங்கித் தரும் என்று எண்ணுகிற உற்சாகமான பிளட்டூன் நம் குண்டுக்கே இரையாகக் கூடும்.

‘விடியற்காலையில்’ என்று எழுதுவது இன்னொரு பொறி. அருணாசலப் பிரதேசத்தின் வாலோங் கிட்டத்தட்ட 97 டிகிரி கிழக்கில் இருக்கிறது, ஜெய்சல்மேர் 71 டிகிரியில். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிஷம் என்று கணக்கிட்டால், ஒரே இந்திய நேரத்தில் இரண்டு இடத்துச் சூரியனுக்கும் ஒன்றே முக்கால் மணி நேர வித்தியாசம் வந்துவிடும். ராஜஸ்தானில் மூன்று வருஷம் இருந்துவிட்டு கிழக்கு எல்லைக்கு மாற்றலாகி வந்தவரின் மனதில் இருக்கிற விடியல் அங்கே நடுக்காலை. கடிகார நேரத்தை எழுதுங்கள்.

வரைபடத்தின் கட்டக் கோடுகளை வைத்து இடத்தைக் குறிக்கிற எண்ணான கிரிட் ரெஃபரன்சில் கிழக்கு எண் முதலில், வடக்கு எண் பிறகு. நான்கு இலக்கம் ஒரு கிலோமீட்டர் சதுரத்தைக் காட்டும், ஆறு இலக்கம் 100 மீட்டர், எட்டு இலக்கம் 10 மீட்டர். 1:50,000 வரைபடத்தில் 100 மீட்டர் என்பது தாளில் 2 மில்லிமீட்டர்தான். ஆகவே அந்த வரைபடத்தைக் கண்ணால் பார்த்து எட்டு இலக்கம் எழுதினால் இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுகிறீர்கள். இரண்டு எண்கள் இடம் மாறிவிட்டால் குறிப்பிட்ட இடம் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். அதைக் கண்டுபிடிக்க எண்ணோடு ஒரு அடையாளமும் சேர்த்து எழுதுவது நல்ல வழக்கம்: இன்ன கிரிட்டில் உள்ள பாதைச் சந்திப்பு, இன்ன கிரிட்டில் உள்ள கோயில் மேடு. எண்ணும் அடையாளமும் ஒத்துப்போகாவிட்டால் படிக்கிறவர் உடனே உஷாராவார்.

ஊர்ப் பெயரை வரைபடத்தில் அச்சாகியிருக்கிற எழுத்துக்கூட்டலிலேயே எழுதுங்கள், அது தவறான உச்சரிப்பாக இருந்தாலும். இடம், வலம் என்பதற்குப் பதில் வடக்கு, தெற்கு. ஆற்றங்கரைக்கு மட்டும் இடக்கரை, வலக்கரை என்பது வழக்கம், அதுவும் நீர் ஓடுகிற திசையைப் பார்த்து நிற்பதாக வைத்து.

யாருக்கெல்லாம் பிரதி

விநியோகப் பட்டியலைக் கடைசியில் அவசரமாகப் போடுகிற விஷயமாகவே பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் லீயின் 191-ஆம் சிறப்பு உத்தரவு 1862 செப்டம்பர் 9 தேதியிட்டது. அவர் படை எப்படிப் பிரிந்து எங்கெங்கே போகிறது என்பது முழுக்க அதில் இருந்தது. அவருடைய தளபதிகளில் ஒருவரான டி.எச். ஹில்லுக்கு லீயின் தலைமையகம் ஒரு பிரதி எழுதியது. ஹில் தன் கீழ் இருப்பதாக எண்ணிய இன்னொரு தளபதி ஜாக்சனும் ஒரு பிரதி அனுப்பினார். ஹில்லுக்கு ஜாக்சனின் பிரதி கிடைத்துவிட்டது, ஆகவே மற்றது வரவில்லை என்று யாரும் தேடவில்லை. செப்டம்பர் 13-ல் பிரடெரிக் அருகே மூன்று சுருட்டுகளைச் சுற்றியிருந்த தாளாக அது எதிரிச் சிப்பாய்கள் கையில் கிடைத்தது. நான்கு நாள் கழித்து ஆன்டீட்டம் சண்டை.

பிரதி எண் ஒவ்வொரு தாளிலும் இருக்கட்டும். ஒருவருக்கு ஒரே வழியில் ஒரே பிரதி. பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் வந்ததா என்று டிக் அடிக்க ஒரு ஆளின் பெயர் இருக்கட்டும். ஒப்புதல் வராத பிரதியைத் தேடத் தொடங்கவும் ஒரு நேரம் குறிக்க வேண்டும்.

பாதுகாப்பு வகையும் இதோடு சேர்ந்ததே. டாப் சீக்ரெட், சீக்ரெட், கான்ஃபிடென்ஷியல், ரெஸ்ட்ரிக்டெட் என்ற நான்கில் ஒன்று ஒவ்வொரு பக்கத்தின் மேலும் கீழும் வர வேண்டும். தேவைக்கு மேல் உயர்த்திப் போடுவதும் கெடுதல்தான். சாதாரண சப்ளைக் கடிதத்துக்குச் சீக்ரெட் போட்டால் அதைக் கையாளத் தகுதியுள்ளவர் வரும்வரை அது அலமாரியில் கிடக்கும்.

கடிதமும் இணைப்பும்

சாதாரணக் கடிதத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கடிதம், ஒரு பொருள். இரண்டு விஷயத்தை ஒரே கடிதத்தில் எழுதினால் அது இரண்டு ஃபைலில் ஏதாவது ஒன்றில்தான் போய் உட்காரும், மற்ற விஷயம் செத்துவிடும். பொருள் வரியில் ‘ஜெனரேட்டர் குறித்து’ என்று விடாமல் ‘15 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்று கூடுதலாகக் கோருதல்’ என்று எழுதினால் பதிவேட்டில் தேடுகிறவர் வாழ்த்துவார். முதல் பத்தியில் எந்தக் கடிதத்துக்குப் பதில் என்பதை எண்ணும் தேதியுமாகச் சொல்லி, இரண்டாவது பத்தியிலேயே உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். காரணங்கள் பிறகு. பத்திக்கு 1, 2, அதன் உட்பிரிவுக்கு அடைப்புக்குள் எழுத்து, அதற்கும் உள்ளே ரோமன் எண். மூன்றாவது அடுக்குக்குக் கீழே போக வேண்டி வந்தால் பத்தியைத் தவறாகப் பிரித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

அப்பெண்டிக்ஸ் கடிதத்தோடு சேரும், அனெக்சர் அப்பெண்டிக்சோடு சேரும், என்குளோஷர் என்பது தனியாகவே முழுமையான வேறொரு ஆவணம். அமெரிக்க ராணுவத்தில் இந்த வரிசை தலைகீழ்: அவர்களுக்கு முதலில் அனெக்ஸ், அதன் கீழேதான் அப்பெண்டிக்ஸ். கூட்டுப் பயிற்சிக் காகிதங்களைக் கையாளுகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. நம் முறையில் அப்பெண்டிக்சின் வலது மேல்மூலையில் அது எந்தக் கடிதத்தின் எந்தப் பத்தியைச் சேர்ந்தது என்று எழுதுவோம். அந்த இரண்டு வரியைச் சோம்பலால் விட்டுவிட்டால், கிளிப் கழன்ற நாளில் அது அனாதைத் தாள். கடிதத்திலும் அந்த அப்பெண்டிக்சைச் சுட்டுகிற பத்தி இருந்தே ஆக வேண்டும். எங்கும் சுட்டப்படாத அப்பெண்டிக்ஸ் தேவையில்லாத அப்பெண்டிக்ஸ்.

சுருக்கத்துக்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. 1940 ஆகஸ்ட் 9-ல், பிரிட்டன் மீது விமானத் தாக்குதல் தீவிரமாகிக்கொண்டிருந்த நேரத்தில், சர்ச்சில் தன் அமைச்சரவைக்கும் துறைகளுக்கும் ஒரு குறிப்பு அனுப்பினார். முக்கியக் கருத்துகளைச் சிறு பத்திகளில் சொல்லுங்கள், விரிவான ஆய்வும் புள்ளிவிவரமும் இணைப்புக்குப் போகட்டும், அலுவலகச் சொற்சிலம்பத்தை விடுங்கள் என்பது அதன் சாரம். அந்தக் குறிப்பே ஒரு பக்கம்தான்.

ஸ்டேட்மென்ட் ஆஃப் கேஸ்

பணமோ பொருளோ அனுமதியோ கேட்கிற ஆவணம் இது. பல யூனிட்டுகள் அலைக்கழிவது இதில்தான். அறிமுகம், இப்போதைய நிலை, கோரிக்கை, நியாயம், செலவு, பரிந்துரை என்ற வரிசை தெரிந்தவர்களும் கோட்டைவிடுகிற இடம் நியாயம். ‘மின்சாரம் போதவில்லை, வேலை மிகவும் பாதிக்கப்படுகிறது’ என்று எழுதினால் கோப்பு திரும்பி வரும். எவ்வளவு போதவில்லை என்று நிதி ஆலோசகர் கேட்பார், கேட்பதுதான் அவர் வேலை. ஒரு கேள்விக்குப் போய்த் திரும்ப மூன்று வாரம் என்றால், நிதியாண்டு முடிவதற்குள் இரண்டு கேள்வி வந்தாலே பணம் காலாவதி.

கற்பனையாக ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். அனுமதிக்கப்பட்ட ஜெனரேட்டர் இரண்டு, ஒவ்வொன்றும் 7.5 கேவிஏ. பவர் ஃபேக்டர் (கேவிஏ-யில் உண்மையில் பயன்படுகிற பங்கு) 0.8 என்று வைத்தால் ஒன்று தருவது 6 கிலோவாட், இரண்டும் சேர்ந்து 12. இப்போது ஒன்று பழுது. சரிசெய்ய முடியாது என்று ஒர்க்‌ஷாப் தந்த சான்றின் எண்ணும் தேதியும் இருக்கிறது. குளிர்பதன மருந்து அறை, ரேடியோ சார்ஜிங், தண்ணீர் பம்ப், விளக்குகள் எல்லாம் சேர்ந்து உச்ச சுமை 11 கிலோவாட். இருப்பது 6, பற்றாக்குறை 5. எந்த நேரத்தில் எந்தச் சுமை என்ற பட்டியல் அப்பெண்டிக்ஸ் ஏ, ஒர்க்‌ஷாப் சான்று அப்பெண்டிக்ஸ் பி. இப்படி எழுதினால் கேட்க என்ன மிச்சம் இருக்கிறது? ‘பம்பை இரவில் ஓட்டினால் என்ன’ என்ற ஒன்றுதான். அதற்கான பதிலையும் முன்னாலேயே எழுதிவிட வேண்டும்: பம்பை இரவுக்கு மாற்றினால் உச்ச சுமை 9 ஆகக் குறையும், அப்போதும் 3 கிலோவாட் பற்றாக்குறை.

மாற்று வழிகளை நீங்களே சொல்லி நீங்களே எடைபோட்டுக் காட்டுவதுதான் இந்த ஆவணத்தின் உயிர். வாடகைக்கு எடுத்தால் என்ன ஆகும், பக்கத்து யூனிட்டிடம் கடன் வாங்கினால் என்ன ஆகும், எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று மூன்று வரி போதும். ‘எதுவும் செய்யாவிட்டால்’ என்ற வரியை ஒருபோதும் விடாதீர்கள், கையெழுத்துப் போடுகிறவர் மனதில் முதலில் ஓடுவது அதுதான்.

குற்றச்சாட்டும் விசாரணையும்

ஒருவருடைய வேலையும் மானமும் தொங்குகிற காகிதங்கள் இவை. 1950 ராணுவச் சட்டத்தின் 39-ஆம் பிரிவில் லீவ் இல்லாமல் போவது ஒரு உட்பிரிவு, கொடுத்த லீவுக்கு மேல் போதிய காரணமின்றித் தங்குவது வேறொரு உட்பிரிவு. லீவில் போன ஜவான் ஐந்து நாள் பிந்தி வந்தால் இரண்டாவதுதான் பொருந்தும். பழைய சார்ஜ் ஷீட்டை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றுகிறவர் முதலாவதைப் போட்டுவிடுவார். விவரப் பகுதியில் யார், எங்கே, எந்தத் தேதியில், என்ன செய்தார் என்பது வர வேண்டும். ‘அடிக்கடி’, ‘வழக்கமாக’, ‘ஒழுங்கீனமாக’ போன்ற சொற்கள் குற்றச்சாட்டில் இடம்பெறவே கூடாது. அவற்றுக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல முடியாத குற்றச்சாட்டு அநியாயம்.

கோர்ட் ஆஃப் இன்க்வயரியில் ஒருவரின் நடத்தையோ ராணுவ மதிப்போ பாதிக்கப்படக்கூடும் என்றால், அவர் விசாரணை முழுக்க உடனிருக்கவும், வாக்குமூலம் தரவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் 1954 ராணுவ விதிகளின் 180-ஆம் விதி வாய்ப்பளிக்கிறது. வாய்ப்புக் கொடுத்தால் மட்டும் போதாது, கொடுத்தது நடவடிக்கைத் தாளில் பதிவாக வேண்டும். எந்த நாள், எந்தச் சாட்சி, ‘குறுக்கு விசாரணை செய்ய விரும்பவில்லை’ என்றால் அதுவும் அவர் கையெழுத்தோடு. பதிவு இல்லையென்றால் கொடுக்கவே இல்லை என்றுதான் பின்னால் வாதம் வரும். 2007 சட்டப்படி அமைந்த ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு. அங்கே பேசுவது தாள்தான்.

சாட்சி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். கண்டது, கேட்டது, பிறர் சொல்லித் தெரிந்தது மூன்றும் தனித்தனியாக நிற்க வேண்டும். முடிவுரையில் வருகிற ஒவ்வொரு கருத்துக்கும் எந்தச் சாட்சி, எந்தக் கேள்வி என்று எண் காட்ட முடியாவிட்டால் அந்தக் கருத்தை அடித்துவிடுங்கள்.

பார்ட் டூ ஆர்டர்

பெரிய தலைமையகங்களில் இருப்பவர்கள் இதை எழுத்து என்றே கருத மாட்டார்கள். எனக்கு இதுதான் மிக முக்கியமான ராணுவ எழுத்து. ஜவானின் கல்யாணம், குழந்தை பிறப்பு, லீவ், பதவி உயர்வு என்று அவர் பணிப்பதிவையும் சம்பளத்தையும் மாற்றுகிற ஒவ்வொரு நிகழ்வையும் யூனிட் பார்ட் டூ ஆர்டராக வெளியிடும். அது ரெகார்ட் ஆபீசுக்கும் சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கும் போகும். கல்யாணத்துக்கான ஆர்டர் வெளியாகாவிட்டால் பதிவேட்டைப் பொறுத்தவரை மனைவி இல்லை. இது தெரியவருவது பெரும்பாலும் அவர் விதவையான பிறகு.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு, இனிஷியல். வடக்கே தயாரான படிவங்களில் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். ‘எஸ். முருகன்’ என்பவருக்கு எஸ் என்பது அப்பா சுப்பையா. ஒரு இடத்தில் ‘முருகன் எஸ்’, இன்னொன்றில் ‘முருகன் சுப்பையா’, ஆதாரில் வெறும் ‘முருகன்’. மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பிறகு கணவரின் இனிஷியல். ஆங்கிலத்தில் எழுதும்போது லட்சுமிக்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல். ஸ்பர்ஷ் என்ற ராணுவப் பென்ஷன் இணையதளம் போன்ற கணினி முறைக்கு இவர்கள் எல்லாரும் வேறு வேறு ஆட்கள்.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. கல்யாணத்துக்கான பார்ட் டூ ஆர்டர் எழுதுமுன் ஆதார், பள்ளிச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் ஜவான் பணியில் இருக்கும்போதே, அவரே கையெழுத்துப் போட முடிகிறபோதே, எதை மாற்றுவது என்று முடிவெடுத்து மாற்றச் சொல்லுங்கள். ஆர்மி நம்பரின் கடைசியில் வருகிற எழுத்தை விடாதீர்கள். அது முன்னால் உள்ள இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது, ஒரு இலக்கம் தவறினால் காட்டிக்கொடுக்கும். வெளியான ஆர்டரின் எண்ணையும் தேதியையும் ஜவானிடம் எழுதிக் கொடுத்து வீட்டுக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

டிராஃப்ட் பழகுவது

பழைய ஃபைலில் இருந்து நல்ல மாதிரியை எடுத்து எழுதுவது தவறில்லை, எல்லாரும் அப்படித்தான் கற்கிறார்கள். ஆனால் கணினியில் பழைய கடிதத்தைத் திறந்து அதன் மேலேயே எழுதாதீர்கள். முந்தைய யூனிட்டின் பெயர், போன வருஷத்துத் தேதி, வேறொருவரின் நம்பர் எங்காவது ஒரு மூலையில் தங்கிவிடும். வெற்றுத் தாளில் வடிவத்தை மட்டும் பார்த்து எழுதுங்கள்.

முதல் டிராஃப்ட்டை எழுதுமுன் ஒரு வரி: இதைப் படித்தவர் என்ன செய்ய வேண்டும்? அந்த வரி எழுத வரவில்லை என்றால் கடிதம் எழுத நேரம் வரவில்லை. எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டுகிற வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். ‘தெரிவிக்கப்படுகிறது’, ‘மேற்கொள்ளப்பட வேண்டும்’ என்று வருகிற இடத்தில் எல்லாம் யார் என்று கேளுங்கள். நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும் என்றால் யாரும் எடுக்க மாட்டார்கள், குவார்ட்டர்மாஸ்டர் எடுப்பார் என்றால் குவார்ட்டர்மாஸ்டர் எடுத்தே ஆக வேண்டும்.

பிறகு விஷயம் தெரியாத ஒருவரிடம், பக்கத்து கம்பெனி சுபேதாராக இருந்தாலும் சரி, கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர் எங்கே நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்ல வேண்டாம், அந்த வரியைத் திருத்துங்கள்.

கையெழுத்துக்கு வைக்குமுன் கடைசியாக ஒரு சுற்று, இந்த முறை வாக்கியங்களைப் படிக்காமல் எண்களை மட்டும்: தேதி, மேற்கோள் எண், ஆர்மி நம்பர், கிரிட், தொகையின் கூட்டல், அப்பெண்டிக்ஸ்களின் எண்ணிக்கை, மொத்தப் பக்கம். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பிரதிக்கும் அப்பெண்டிக்ஸ் சேர்ந்திருக்கிறதா, சேர வேண்டாதவருக்கு ‘அப்பெண்டிக்ஸ் இல்லாமல்’ என்று குறித்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு உள்ளே அனுப்புங்கள்.